மில்ஃபோர்ட் சவுண்டுக்கு குட்டி ப்ளேன்ல போறதா, பஸ்ல போறதா? பெரியவங்க, குழந்தைங்களோட வர்றவங்களுக்கு

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். டிசம்பர் கடைசில கோயம்புத்தூர்ல இருந்து ஆறு பேர் நியூசிலாந்து தெற்குத் தீவுக்கு வர்றாங்க, அப்பாவுக்கு 68 வயசு, அம்மாவுக்கு முட்டி வலி, பொண்ணுக்கு 9, பையனுக்கு 4. மொத்தம் எட்டு நாள், அதுல நாலு ராத்திரி க்வீன்ஸ்டவுன். அங்கிருந்து மில்ஃபோர்ட் சவுண்டுக்கு (செங்குத்தான மலைங்களுக்கு நடுவுல கடல் உள்ள புகுந்த இடம்) சின்ன ப்ளேன்ல போய், போட்ல சுத்திட்டு, ப்ளேன்லயே திரும்புற பேக்கேஜுக்கு ஒரு ஆளுக்கு ஐந்நூறு நியூசிலாந்து டாலருக்கு மேல கேக்கறாங்க, அது கொடுக்கலாமா, இல்ல பஸ்ஸே போதுமா, மழை வந்தா காசு போயிடுமா, சாப்பாட்டுக்கு என்ன பண்றது. இதான் கேட்டிருக்கீங்க.

நான் கிறிஸ்ட்சர்ச்ல இருக்கேன், ஊர்ல இருந்து யார் வந்தாலும் கூட்டிட்டுப் போற டூட்டி என்னோடது, அதனால பஸ், ப்ளேன், கார்னு மூணு விதமாவும் போயாச்சு. என் பதில் என்னன்னா போறப்போ பஸ், வர்றப்போ ப்ளேன். ஆனா அத எந்த நாள்ல வைக்கிறீங்கங்கறதுதான் விஷயமே, அத சொல்லாம பஸ்ஸா ப்ளேனான்னு மட்டும் பேசி பிரயோஜனம் இல்ல.

முதல் தடவை நான் பண்ணின தப்ப சொல்றேன். அப்பா அம்மா வந்திருந்தாங்க, ப்ளேன்லயே போய் ப்ளேன்லயே வர்ற பேக்கேஜ், க்வீன்ஸ்டவுன்ல கடைசி நாள் காலைல போட்டு வெச்சேன், கடைசில கிராண்டா முடியட்டும்னு. அன்னிக்கு க்வீன்ஸ்டவுன்ல நல்ல வெயில். காலைல கம்பெனில இருந்து போன், இன்னிக்கு மில்ஃபோர்ட்ல மழை, மேகம் கீழ இறங்கியிருக்கு, ப்ளேன் போகாதுன்னு. அம்மாவுக்கு புரியவே இல்ல. "ஏண்டா, இங்க வெயில் காயுது, போகலைங்கறானே? மழை பேஞ்சாத்தானேடா அருவில தண்ணி வரும்?" அம்மா கேட்டது நூத்துக்கு நூறு சரியான கேள்வி, அதுக்குள்ளதான் உங்க பதில் மொத்தமும் இருக்கு.

மில்ஃபோர்ட் உலகத்துலயே அதிகமா மழை பேயுற இடங்கள்ல ஒண்ணு. வருஷத்துக்கு 6 மீட்டருக்கு மேல, அதாவது 6,000 மில்லிமீட்டர தாண்டி. சென்னைக்கு சுமார் 1,400 மில்லிமீட்டர்தான், அது மாதிரி நாலு பங்குக்கு மேல. வருஷத்துல பாதி நாள் அங்க மழை நாள்தான். டாஸ்மன் கடல்ல இருந்து மேற்குக் காத்து ஈரத்த அள்ளிட்டு வந்து அந்த மலையில முட்டி எல்லாத்தையும் அந்தப் பக்கமே கொட்டிடும், மலைய தாண்டி க்வீன்ஸ்டவுன் பக்கம் வர்றப்போ காத்துல சரக்கு இருக்காது. நம்ம ஊர்ல தென்மேற்குப் பருவக்காத்து கேரளாவ நனைச்சுட்டு கம்பம் தேனி பக்கம் வெறும் காத்தா வருதே, அதே கதை. அதனால க்வீன்ஸ்டவுன் ஜன்னல திறந்து வானத்த பார்த்துட்டு இன்னிக்கு ப்ளேன் போகும்னு முடிவு பண்ணக்கூடாது. மில்ஃபோர்ட்ல வெப்கேம் இருக்கு, அத பாருங்க.

இந்த குட்டி ப்ளேன்கள் எல்லாம் பைலட் கண்ணால மலைய பார்த்து ஓட்டறதுதான். மில்ஃபோர்ட் ஓடுதளம் சின்னது, மூணு பக்கமும் செங்குத்தா மலை, பெரிய ஏர்போர்ட்ல மாதிரி மேகத்துக்குள்ள கருவிய நம்பி இறங்கற வேலையெல்லாம் அங்க கிடையாது. மேகம் மூடினா ப்ளேன் இல்ல, அவ்வளவுதான். போகமாட்டேன்னு சொல்றாங்களேன்னு கோவப்படாதீங்க, சொல்லாத பைலட்டத்தான் பார்த்து பயப்படணும்.

ஆக, ப்ளேனுக்கு வெயில் வேணும், அருவிக்கு மழை வேணும். ரெண்டும் ஒரே நாள்ல வேணும்னா எப்படி?

ரெண்டாவது தடவை என் அக்கா குடும்பத்தோட கார்ல போனேன், போற வழி பூரா மழை, திரும்பிடலாமான்னு மச்சான் ரெண்டு தடவை கேட்டார். வழில மலைய குடைஞ்சு போட்ட ஹோமர் டனல் தாண்டி அந்தப் பக்கம் வெளிய வந்தோம், கார்ல யாரும் பேசல. பாறைன்னு இருந்த இடமெல்லாம் தண்ணி வழியுது, எண்ணவே முடியாது, நூல் மாதிரி சிலது, சிலது நம்ம குத்தாலம் மெயின் அருவி மாதிரி தடியா. அங்க பாறை மேல மண்ணே கிடையாது, பாசிய பிடிச்சுக்கிட்டுத்தான் மரமே நிக்குது, மரங்க ஒண்ணோட ஒண்ணு வேர கோத்துக்கிட்டு நிக்கும், ஒண்ணு வழுக்கினா மொத்த சரிவும் கூடவே வந்துடும், போட்ல இருந்து பார்த்தா மொட்டையா வழிச்ச மாதிரி கோடு கோடா தெரியும் அது. தண்ணிய பிடிச்சு வைக்க மண் இல்லாததால மழை பேஞ்ச உடனே அருவி, மழை நின்னா சில மணி நேரத்துலயே பாதி காணாம போயிடும். எப்பவும் ஓடற பெரிய அருவி ரெண்டே ரெண்டு, போவன் அருவியும் ஸ்டர்லிங் அருவியும், ரெண்டும் 150 மீட்டருக்கு மேல. போவன் அருவிலதான் அந்த குட்டி ஊருக்கே கரண்ட்டும் குடிதண்ணியும்.

இப்ப புரிஞ்சிருக்கும், நல்லா மழை பேஞ்சு விட்ட மறுநாள் காலைதான் லக்கி டைம், அருவியும் மிச்சம் இருக்கும், வானமும் திறந்திருக்கும். அந்த நாள் எதுன்னு உங்களாலயும் சொல்ல முடியாது என்னாலயும் முடியாது. அதனால க்வீன்ஸ்டவுன் போய் சேர்ந்த மறுநாளே மில்ஃபோர்ட போடுங்க, கடைசி நாள் வேண்டவே வேண்டாம். கேன்சல் ஆனா அடுத்த ரெண்டு நாள் கைல இருக்கும், அந்த ரெண்டு நாளும் எப்ப வேணா மாத்தக்கூடிய வேலையா வெச்சுக்கங்க, கேபிள் கார், ஏரிக்கரை நடை அந்த மாதிரி.

காசு விஷயம். மழையால கம்பெனி கேன்சல் பண்ணினா பொதுவா வேற நாள் கொடுப்பாங்க இல்ல பணத்த திருப்பிடுவாங்க, ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி அந்த கண்டிஷன ஒரு தடவை படிச்சிடுங்க. பலர் மாட்டிக்கிற இடம் எதுன்னா, ப்ளேன் ஒரு இடத்துலயும் க்ரூஸ், அதாவது போட் சவாரி, இன்னொரு இடத்துலயும் சல்லிசா கிடைக்குதேன்னு தனித்தனியா புக் பண்றது. ப்ளேன் போகலன்னா ப்ளேன் காசு வந்துடும், ஆனா போட் அன்னிக்கு ஓடியிருக்கும், மழைல போட் நிக்காது, அப்ப நீங்க வரலங்கறது உங்க பிரச்சனை. அதனால ஒரே பேக்கேஜா எடுங்க. போறப்போ பஸ், அப்புறம் க்ரூஸ், வர்றப்போ ப்ளேன்னு ஒரே டிக்கெட்டா விக்கறாங்க. அதுல இன்னொரு சௌகரியம், சாயங்காலம் மேகம் மூடிடுச்சுன்னா அதே பஸ்ல திரும்ப உங்களுக்கு சீட் இருக்கும், ப்ளேன் காசு திரும்ப வந்துடும். அது அப்படித்தானான்னு புக் பண்ணும்போதே கேட்டு உறுதி பண்ணிக்கங்க. ஆக எந்த வானிலைலயும் நீங்க மில்ஃபோர்ட பார்த்துட்டுத்தான் வருவீங்க, ப்ளேன் மட்டும் அதிர்ஷ்டம். ரெண்டு பக்கமும் ப்ளேன்ன்னா ஒண்ணு எல்லாம் கிடைக்கும், இல்லன்னா எதுவுமே கிடைக்காது.

ஏன் ரெண்டு பக்கமும் பஸ் வேண்டாம்னு கேட்டா, தூரம். க்வீன்ஸ்டவுன்ல இருந்து மில்ஃபோர்ட் காக்கா பறக்கற தூரம் 70 கிலோமீட்டர்தான், ஆனா நடுவுல மலை, நேரா ரோடு இல்ல, தெக்க இறங்கி டீ அனாவ்ங்கற ஊருக்குப் போய் திரும்ப வடக்க ஏறணும், 290 கிலோமீட்டர் கிட்ட ஆகும். ஒரு பக்கமே நாலு மணி நேரம், அங்கங்க நிறுத்தினா அஞ்சு. போயிட்டு வர்றதுக்கு பன்னெண்டு பதிமூணு மணி நேரம் ஒரே நாள்ல, முட்டி வலி உள்ள அம்மாவும் நாலு வயசு பையனும். போற வழி சுவாரஸ்யமா போயிடும், திரும்பி வர்ற வழில எல்லாரும் செத்துருவாங்க. அதே இடம் ப்ளேன்ல சுமார் 40 நிமிஷம்.

போற வழிய விட்டுடக்கூடாதுங்கறதுக்கும் காரணம் இருக்கு. டீ அனாவ் தாண்டினா எக்லிங்டன் பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் மலை, நடுவுல தட்டையா பொன் நிறத்துல புல்வெளி. அப்புறம் ஹோமர் டனல், 1.2 கிலோமீட்டர், உள்ள சுவரெல்லாம் பூசாத வெறும் பாறை, ரோடு மில்ஃபோர்ட் பக்கமா சரிவா கீழ இறங்கும். 1935ல தோண்ட ஆரம்பிச்சாங்க, முதல்ல கடப்பாரையும் தள்ளுவண்டியும் வெச்சு அஞ்சு பேர் தோண்டினது, பனிச்சரிவுல வேலையாட்கள் செத்துப் போனாங்க, நடுவுல உலகப்போர், கடைசில வண்டி போக திறந்தது 1954ல. டனல் வாசல்ல சிக்னல் விழ காத்திருக்கறப்போ கியான்னு ஒரு மலைக்கிளி வரும், பச்சை நிறம், நம்ம காக்காவ விட பெருசு, கார் கண்ணாடி ஓரத்து ரப்பர பிச்சு தின்னும். பையனுக்கு அதுவே போதும். ஆனா தீனி போடாதீங்க, அது அதுங்களுக்கு கெடுதல்.

நீங்களே கார் ஓட்டலாமான்னும் கேட்டிருந்தீங்க. நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான், லைசென்ஸும் இங்கிலீஷ்ல இருக்கறதால பிரச்சனை இல்ல. அப்படின்னா டீ அனாவ்ல ஒரு ராத்திரி தங்குங்க, அங்கிருந்து மில்ஃபோர்ட் ரெண்டு மணி நேரம்தான். டீ அனாவ் தாண்டினா பெரும்பாலும் போன் சிக்னல் கிடையாது, டேங்க் ரொப்பிட்டு கிளம்புங்க. ஆனா கார்ல போனா ப்ளேன்ல திரும்ப முடியாது, கார அங்கயே விட்டுட்டு வர முடியாதே.

இப்ப ப்ளேன். ஏழெட்டு பேர்ல இருந்து ஒரு டஜன் பேர் வரைக்கும் ஏறக்கூடிய ப்ளேன்கள், செஸ்னா கேரவன், ஏர்வேன் மாதிரி, பெரும்பாலும் எல்லாருக்கும் ஜன்னல் சீட். புக் பண்ணும்போது ஒவ்வொருத்தர் எடையும் கேப்பாங்க, எடைய வெச்சுத்தான் யார் எங்க உக்காரணும்னு முடிவு பண்ணுவாங்க, அதனால குடும்பம் ஒண்ணா உக்காரும்னு நிச்சயம் சொல்ல முடியாது. எங்க பெரியம்மா ஆறு கிலோ குறைச்சு சொல்லிட்டாங்க, அங்க போய் எல்லார் முன்னாடியும் மெஷின்ல ஏத்திட்டாங்க. உண்மைய சொல்லிடுங்க, ப்ளேன் பேலன்ஸ் விஷயம் அது. பெரிய பெட்டி எடுத்துட்டு வராதீங்க, கைப்பை போதும்.

ஆட்டம் இருக்கும். மலைக்கு மேல காத்து மோதறப்போ லிஃப்ட் திடீர்னு இறங்கற மாதிரி ரெண்டு மூணு தடவை வயித்த கலக்கும், பைலட் சாதாரணமா ஹெட்செட்ல பேசிக்கிட்டே இருப்பார். அப்பாவுக்கு பயம்னா பைலட் முகத்த பார்க்கச் சொல்லுங்க. காலைல காத்து கொஞ்சம் அமைதியா இருக்கும், மத்தியானத்துக்கு மேல ஆட்டம் கூடும், நம்ம திட்டப்படி வர்றப்போ சாயங்காலம் ஆகிடும்ங்கறதால வாந்தி வர்றவங்க மாத்திரைய க்ரூஸ் முடியறதுக்கு முன்னாடியே போட்டுக்கங்க, ஏறின பிறகு போட்டா வேலைக்கு ஆகாது. அப்பாவுக்கு இதய பிரச்சனை ஏதாவது இருந்தா ஊர்லயே டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. பையனுக்கு சப்ப மிட்டாய் கொடுத்துடுங்க, காது அடைக்காது.

மேல இருந்து என்ன தெரியும்னா, பனியாறு, அதுக்குக் கீழ நீலமா குட்டி குட்டி ஏரி, நடக்கவே பாதை இல்லாத பள்ளத்தாக்கு. வானிலைய பார்த்து பைலட் எந்த வழின்னு முடிவு பண்ணுவார், சில நாள் சதர்லாண்ட் அருவிய காட்டுவாங்க, மலை உச்சில கிண்ணம் மாதிரி ஒரு ஏரி, அதோட விளிம்பு வழியா தண்ணி 580 மீட்டர் கீழ விழுது. க்ரூஸ்ல எத்தனை அருவி பார்த்தாலும் அருவி கிளம்பற இடத்த இப்படி மேல இருந்துதான் பார்க்க முடியும். காசு எதுக்குன்னா இதுக்குத்தான், நேரத்த மிச்சம் பண்றதுக்கு மட்டும் இல்ல. ஹெலிகாப்டர் இன்னும் நல்லாருக்குமே, பனில இறக்கி விடுவாங்களேன்னு கேக்காதீங்க, நல்லாத்தான் இருக்கும், ஆறு பேருக்கு பில்ல பார்த்தா மயக்கம் வரும்.

க்ரூஸ் ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மியா இருக்கும். பேர்தான் சவுண்ட், உண்மைல அது ஃபியோர்டு, பனியாறு செதுக்கின பள்ளத்துக்குள்ள கடல் புகுந்தது. மைட்டர் பீக் சுமார் 1,690 மீட்டர், மலையடிவாரம்னு ஒண்ணு இல்லாம தண்ணில இருந்து நேரா எழும்பி நிக்கும், பக்கத்துல போற பெரிய போட் எல்லாம் தீப்பெட்டி மாதிரி ஆகிடும், அத பார்த்தாத்தான் மலையோட அளவே புரியும். சுமார் 15 கிலோமீட்டர் போய் டாஸ்மன் கடல் வாய்ல போட் திரும்பும். அந்த எடத்துல மட்டும் அலை ஆட்டும், மத்தபடி உள்ள ஏரி மாதிரி. திரும்பறப்போ பின்னாடி டெக்ல நின்னு பாருங்க, வாசல் எங்கன்னே தெரியாது, மலை மலைய மறைச்சிடும். கேப்டன் குக் 1770ல இந்தக் கரையோரமாவே போயும் இத கவனிக்காம போயிட்டார்.

தண்ணி கறுப்பா இருக்கும், அழுக்குன்னு நினைச்சுடாதீங்க. மழைத்தண்ணி காட்டுல இலை தழைய ஊறவெச்சு டிக்காக்‌ஷன் கலர்ல இறங்கி வந்து உப்புத்தண்ணி மேல தனி அடுக்கா மிதக்குது, வெளிச்சம் உள்ள போகாது. அதனால ஆழ்கடல்ல இருக்க வேண்டிய கறுப்புப் பவளம் எல்லாம் இங்க பத்து மீட்டர் ஆழத்துலயே வளருது. பொண்ணுக்கு இத சொல்லுங்க, பிடிக்கும். பாறை மேல சீல் படுத்து தூங்கிட்டு இருக்கும், அநேகமா கண்டிப்பா பாக்கலாம். டால்ஃபின் வந்தா வந்ததுதான். அந்த ஊர் பென்குவின் ஜூலைல இருந்து நவம்பர் வரைக்கும்தான் கரைப்பக்கம் இருக்கும், டிசம்பர் கடைசிக்கு எதிர்பார்க்காதீங்க.

ஸ்டர்லிங் அருவி வந்ததும் கேப்டன் போட்டோட மூக்க அருவிக்குள்ளயே விடுவார். முன் டெக்ல நின்னா தலையோட கால் நனையும், சின்னவன் கத்தற கத்து ஊருக்கே கேக்கும். ஜிலுஜிலுன்னு இருக்கும், நம்ம குத்தாலம் ஜிலு இல்ல, ஐஸ் தண்ணி. மாத்து டிரஸ் ஒண்ணு குழந்தைங்களுக்கு. குடை வேலைக்கு ஆகாது, காத்து பிடுங்கிட்டுப் போயிடும், ரெயின் ஜாக்கெட் வாங்கிடுங்க. அம்மா புடவைதான் கட்டுவாங்கன்னா உள்ள ஒரு தெர்மல் போட்டு ஷூ போட்டா போதும், எங்க அம்மா அப்படித்தான் வந்தாங்க, உள்ள கண்ணாடி ஜன்னலோட சூடா உக்கார இடம் இருக்கு. டிசம்பர் அங்க கோடைன்னு பேரு, ஆனா போட்ல அத நம்பாதீங்க. அதே சமயம் வெயில் வந்துட்டா தோல பொசுக்கிடும், சன்ஸ்கிரீன் வேணும்.

முக்கியமா மறந்துடாதீங்க, சேண்ட்ஃப்ளை. எள்ளு மாதிரி கறுப்பா குட்டி ஈ, கடிச்சா நாலஞ்சு நாள் அரிக்கும், ராத்திரில பையன் தூங்க மாட்டான். இந்த நாட்டு பூர்வகுடி மாவோரிங்க கதைல, இந்த இடம் இவ்வளவு அழகா இருந்தா மனுஷங்க இங்கயே தங்கிடுவாங்கன்னு ஒரு தேவதை இந்த ஈய அவுத்து விட்டாளாம். வேலைய ஒழுங்கா பண்ணியிருக்கா. ஓடற போட்ல தொல்லை இல்ல, காத்து அடிச்சா அதால பறக்க முடியாது, பஸ் நிக்கற இடத்துலயும் போட் ஏறற இடத்துலயும் ப்ளேனுக்கு காத்திருக்கற இடத்துலயும்தான் மொய்க்கும். க்வீன்ஸ்டவுன் ஃபார்மசிலயே ஸ்ப்ரே வாங்கி கணுக்கால்ல நல்லா அடிச்சு விடுங்க.

க்வீன்ஸ்டவுன் பஸ் எல்லாம் மத்தியானம் ஒரே நேரத்துல வந்து சேருது, அதனால 12ல இருந்து 2 மணி க்ரூஸ்ல கூட்டம், அதுவும் கிறிஸ்துமஸ் நியூ இயர் வாரம். காலைல சீக்கிரம் கிளம்பற பஸ் எதுன்னு பார்த்து எடுங்க, இப்பவே எடுங்க, டிசம்பருக்கு கடைசி நேரத்துல கிடைக்காது.

சாப்பாடு கடைசியா. போட்ல காபி, சிப்ஸ், பேக்கேஜ பொறுத்து ஒரு டப்பா லஞ்ச் கிடைக்கும், வெஜிடேரியன் முன்கூட்டியே சொல்லணும், சொன்னாலும் அது ரெண்டு ரொட்டி நடுவுல கீரைதான். நீங்க கட்டிட்டுப் போறதுதான் பெட்டர். ஆனா ஊர்ல இருந்து என்ன கொண்டு வர்றீங்கங்கறதுல ஜாக்கிரதை, நெய், தயிர், கறிவேப்பிலை, விதை இதெல்லாம் வேண்டவே வேண்டாம், பொடி, புளிக்காய்ச்சல் எதுவா இருந்தாலும் நாட்டுக்குள்ள வர்றப்போ நிரப்பற ஃபார்ம்ல உணவு இருக்குன்னு டிக் பண்ணிடுங்க. டிக் பண்ணிட்டா அதிகபட்சம் வாங்கி குப்பைல போடுவாங்க, டிக் பண்ணாம மாட்டினா அங்கயே 400 டாலர் ஃபைன். க்வீன்ஸ்டவுன்ல ஹோட்டல் எடுக்காம கிச்சன் இருக்கற மோட்டல் எடுங்க, அரிசியும் தயிரும் சூப்பர்மார்க்கெட்லயே கிடைக்கும், காலைல அஞ்சரைக்கு எழுந்து தயிர்சாதம் கிளறி டப்பால போட்டுக்கலாம். எங்க அம்மா அந்த கறுப்புத் தண்ணிய பார்த்துக்கிட்டு மேல் டெக்ல உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டாங்க, பக்கத்துல ஒரு வெள்ளைக்கார பாட்டி அது என்னன்னு கேட்டு ஒரு ஸ்பூன் வாங்கிக்கிட்டாங்க. ஊறுகாய மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கங்க, காத்துல வாசனை முழு போட்டுக்கும் போகுது.